தோற்றது துப்பாக்கியா?



பம்பரம் சுத்துற வரைக்கும் சாயாது, ரைபிள் குண்டும் அப்படித்தான் என்று இயற்பியல் வகுப்பில் சார் சொன்னார். ரைபிள் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு குண்டு சுழன்றபடியே வெளியே வரும். அதனால் வழியில் புரளாமல் முனை முன்னோக்கியே பறக்கும். இதைப் பற்றித் தேடினபோது கிடைத்ததுதான் இந்தப் போட்டி.

1874 செப்டம்பர் 26. நியூயார்க் பக்கத்தில் கிரீட்மோர் மைதானம். அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போட்டி. அணிக்கு 6 பேர். 800, 900, 1000 கஜம், ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்கு 15 குண்டு. நடுவில் பட்டால் 4 புள்ளி. 1000 கஜம்னா 914 மீட்டர். 400 மீட்டர் ஓடுதளத்தில் இரண்டு சுற்றுக்கும் மேல்!

அயர்லாந்துக்காரர்களிடம் டப்ளின் ரிக்பி செய்த ரைபிள். செய்தவரே அணியிலும் இருந்தார். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் தள்ளி இறக்கணும். அமெரிக்கர்களிடம் ரெமிங்டன், ஷார்ப்ஸ் கம்பெனி ரைபிள்கள். பின்பக்கம் திறந்து தோட்டாவைச் சொருகினால் போதும். இரண்டிலும் கரிமருந்துதான். ஒவ்வொரு வேட்டுக்கும் குழலுக்குள் கரி அப்பும். பள்ளத்தில் கரி ஏறினால் குறி தப்பும்.

முடிவு: அமெரிக்கா 934, அயர்லாந்து 931. "அப்போ பின்பக்கம் போடுறதுதான் உசத்தி" என்று வகுப்பில் நான் அடித்துச் சொன்னேன். "தனித்தனியா பார்த்தியா?" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். பார்த்தேன்.

800 கஜம்: அமெரிக்கா 326, அயர்லாந்து 317
900 கஜம்: 310, 312
1000 கஜம்: 298, 302

தூரம் கூடினதும் பழைய துப்பாக்கிதானே முன்னால நிக்குது! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு சரியாக நடுவில் பட்டது. ஆனால் அது பக்கத்துக் குறிப்பலகை! அதற்குப் புள்ளி கிடையாது. அந்த 4 சேர்ந்திருந்தால் 935. கூட்டிப் பாருங்கள், அயர்லாந்து ஜெயித்திருக்கும். அதில் குழல் மேலும் குற்றமில்லை, மருந்து மேலும் குற்றமில்லை.

கடைசி வேட்டு அமெரிக்காவின் பொடைனுக்கு. அப்போது அவர்கள் 930. சற்று முன்புதான் இஞ்சி பீர் பாட்டில் உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். நடுவில் பட்டது.

1875இல் டப்ளின் அருகே டாலிமவுண்டில் மறுபடி மோதினார்கள். அந்தத் தடவை அமெரிக்கா சந்தேகமில்லாமல் ஜெயித்தது. நான் வகுப்பில் அந்த வருஷத்தைச் சொல்லியிருக்கணும்.