"நீ கப்பல் ஆள் இல்லை" என்று ஏஜென்ட் சொன்னால்...

கேள்வி: எனக்கு 28 வயது. கோவையில் ஒரு ஸ்பாவில் ஐந்து வருஷமாக மசாஜ் தெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். அமெரிக்காவிலிருந்து கரீபியன் பக்கம் போகும் சொகுசுக் கப்பலில் ஒன்பது மாத வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் 1,75,000 ரூபாய் கேட்கிறார். முன்பணமாக 40,000 ரூபாயும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டேன். சம்பளம் முழுக்க கமிஷன்தானாம். ஒப்பந்தம் கப்பலில் ஏறிய பிறகு தருவார்களாம். "நீ ஸ்பா கம்பெனி ஆள், கப்பல் ஆள் இல்லை. கப்பல் சட்டமெல்லாம் உனக்குப் பொருந்தாது" என்கிறார். அங்கே கைக்கு ஏதாவது ஆனாலோ, வாடிக்கையாளர் தவறாக நடந்தாலோ யாரிடம் போவது?
வாசகி, கோவை

பதில்: சகோதரி, மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் சொன்னதில் பெரிய பொய், நீங்கள் கப்பல் ஆள் இல்லை என்பதுதான். அதை நம்பிவிட்டால் மற்ற உரிமைகள் எல்லாம் தானாகக் கைவிட்டுப் போகும்.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலில் எந்தப் பொறுப்பில் வேலை செய்பவரையும் கடலோடி என்றே சொல்கிறது. என்ஜினைப் பார்ப்பவரும் கடலோடி, மசாஜ் செய்பவரும் கடலோடி. சம்பளம் கொடுப்பது ஸ்பாவைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியாக இருந்தாலும், உடன்படிக்கைப்படியான பொறுப்பு கப்பல் உரிமையாளரை விட்டு நீங்காது. ஓரிரு நாள் வந்து போகும் பாடகர் விஷயத்தில் வாதாட இடமுண்டு. ஒன்பது மாதம் கப்பலிலேயே தங்குபவர் விஷயத்தில் இல்லை. இந்தியா 2015இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்கா ஏற்கவில்லை. ஆனால் அங்கிருந்து கிளம்பும் பெரிய பயணிகள் கப்பல்கள் பலவும் பஹாமாஸ், பனாமா கொடியில்தான் ஓடுகின்றன. அவ்விரு நாடுகளும் ஏற்றிருக்கின்றன.

இனி பணம். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. எனும் கடலோடிப் புத்தகம் ஆகிய மூன்றின் செலவு மட்டும் உங்களுடையது. விசா செலவைக்கூடக் கப்பல் உரிமையாளர்தான் ஏற்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டணம் இருந்தால், அதைப் பயிற்சி நிலையத்தில் நீங்களே நேரில் கட்டி ரசீது வாங்குங்கள். இந்தியாவிலிருந்து கப்பலுக்கு ஆள் எடுப்பவரிடம் மும்பையிலுள்ள டி.ஜி. ஷிப்பிங் எனும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். எனும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் டி.ஜி. ஷிப்பிங்குக்குப் புகார் எழுதுங்கள். ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் அனுப்பிய ஆதாரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தைக் கப்பலில் ஏறிய பிறகுதான் பார்க்க முடியும் என்பது அப்பட்டமான சட்ட மீறல். கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கவும், ஆலோசனை கேட்கவும் உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். சம்பளத் தொகையோ, அதைக் கணக்கிடும் முறையோ அதில் எழுதியிருக்க வேண்டும். ஆகவே கமிஷன் என்பதாலேயே அது செல்லாததாகிவிடாது. ஆனால் "கமிஷன் உண்டு" என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. எத்தனை சதவீதம், வரியும் மற்றப் பிடித்தங்களும் போன பிறகா முன்பா, ஆள் வராத நாட்களில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் போகாதீர்கள். வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கும் கப்பலில் நாளுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம்தான் உச்சம். தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எங்கே நடுவர் மன்றம் என்ற பிரிவையும் விட்டுவிடாதீர்கள். கோவையிலிருந்து பஹாமாஸுக்குப் போய் வழக்காடுவது லேசான காரியமில்லை.

கையைப் பற்றிக் கேட்டீர்கள், சரியான கவலை. கட்டைவிரலும் மணிக்கட்டும்தான் உங்கள் முதலீடு. கமிஷன் போய்விடுமே என்று வலியை மறைத்தபடி நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. வலி தொடங்கிய அன்றே கப்பல் மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்யுங்கள், நகல் வாங்குங்கள். வேலையின்போது வந்த காயத்துக்கும் நோய்க்கும் சிகிச்சைச் செலவு உரிமையாளருடையது. சட்டம் அதற்குக் கால வரம்பு வைக்கலாம், ஆனால் 16 வாரத்துக்குக் குறைக்க முடியாது. உடல் முடியாமல் திரும்ப வேண்டியிருந்தால் ஊருக்கு அனுப்பும் செலவும் அவர்களுடையதே.

வாடிக்கையாளர் எல்லை மீறினால் அந்த நொடியே கையை எடுத்துவிட்டு வெளியே வாருங்கள். பணம் கொடுத்தவர் என்பதால் உங்கள் உடல்மேல் அவருக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. மேலாளர் மழுப்பினால் நேராக கேப்டனிடமே புகார் செய்யலாம். உடன் ஒருவரை அழைத்துப் போகலாம். புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்றும் உடன்படிக்கை சொல்கிறது. புகார் நடைமுறையின் நகலை ஒப்பந்தத்தோடு கேட்டு வாங்குங்கள். பாலியல் வன்முறை என்றால், அமெரிக்கத் துறைமுகம் தொடும் பெரிய கப்பல்களில் தடயம் சேகரிக்கும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்கிறது அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சட்டம். குளிக்காமல், உடை மாற்றாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முடக்கிவைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே என்று 2008இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏஜென்ட்டின் மேஜை இழுப்பறையில் அது ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. நாளைக் காலையே, வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் வாங்கிவிடுங்கள்.