மேகத்தை அளப்பது எப்படி?



பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோர் முதலில் அண்ணாந்து நோக்குவது வானத்தையே. மரப்பட்டை மழையில் நனைந்துவிட்டால், பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்குக்குள் இறங்காது. பட்டையெங்கும் வழிந்து வீணாகும். மங்கில் சேர்ந்த பாலும் மழைநீர் கலந்து கெடும். ஆகவே, மேகத்தை அறிவது நமக்கு ஏட்டுப் படிப்பு மட்டுமன்று; அன்றைய கூலியும் அதில் அடங்கியுள்ளது.

கீழே நிற்கும் நமக்கு மேகத்தின் அடிப்பாகம் மட்டுமே தெரிகிறது. அதன் உச்சியைக் காண வேண்டுமாயின் மேலிருந்து நோக்க வேண்டும். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 என்னும் செயற்கைக்கோள், விண்ணிலிருந்து மேகங்களைப் படம் பிடித்து அனுப்பியது. 1977இல் ஜப்பான் தன் முதல் ‘ஹிமாவாரி’யை ஏவியது. ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் சூரியகாந்தி என்று பொருள். அவ்வரிசையில் வந்த ஹிமாவாரி-9, 2022 டிசம்பரில் பணியை ஏற்றது. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, நம் நாடு அடங்கிய பகுதியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் திறன் அதற்குண்டு.

அவ்வளவு தொலைவிலிருந்து மேகத்தைத் தொட்டு அளக்க இயலுமா? இயலாது. மேகத்திலிருந்து வரும் ஒளியையும் வெப்பக் கதிரையும் மட்டுமே அது அளக்கிறது. இவ்விரண்டையும் இரு சாட்சிகளாக வைத்து அறிவியலார் உண்மையைக் கண்டறிகின்றனர்.

முதற்சாட்சி: ஒளி

மெல்லிய மேகம் சூரிய ஒளியைக் கீழே விட்டுவிடும். தடித்த மேகமோ பெரும்பகுதியை மேல்நோக்கித் திருப்பிவிடும். நமக்குக் கருமையாகத் தோன்றும் மழைமேகம் செயற்கைக்கோளுக்குப் பளிச்சென்ற வெண்மையாகத் தோன்றுவது இதனாலேயே. அவ்வெண்மையின் அளவைக் கொண்டு மேகத்தின் தடிப்பைக் கணிக்கலாம்.

கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களும் சூரிய ஒளியில் உண்டு. அவற்றுள் சிலவற்றை நீர்த்துளிகள் சிறிதளவு உறிஞ்சும். துளி பெரிதானால் அதிகம் உறிஞ்சும். ஆகையால், அக்கதிரில் மேகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு துளியின் பருமனையும் கணிக்கின்றனர். மேகத்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மழைத்துளி உருவாக, அத்தகைய பத்து இலட்சம் துளிகள் ஒன்றுசேர வேண்டும்!

இரண்டாம் சாட்சி: வெப்பம்

மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 பாகை குறையும் என்று கொள்வோம். தரையில் 30 பாகை செல்சியஸ். மேகத்தின் உச்சியில் −35 பாகை. வேறுபாடு 65 பாகை. அதனை 6.5ஆல் வகுத்தால் 10 கிடைக்கும். எனவே, மேகத்தின் உச்சி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது.

சாட்சி பிழைபடுவதும் உண்டு

உயரத்தில் மிதக்கும் மெல்லிய கீற்று மேகத்தின் ஊடே தரையின் வெப்பமும் கசிந்து வரும். அதனால் அம்மேகம் உள்ளதைவிடத் தாழ்வாக இருப்பதுபோல் கணக்கு காட்டும். தடித்த இடிமேகமும் மெல்லிய கீற்று மேகமும் வெப்பப் படத்தில் ஒன்றுபோல் குளிர்ந்து தோன்றுவதும் உண்டு. பகலில் ஒளி என்னும் சாட்சி இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். ஆனால், மரம் வெட்டுவோர் எழும் அதிகாலையில் அச்சாட்சி உறங்குகின்றது! அப்போது பல வகை அகச்சிவப்புக் கதிர்களை ஒப்பிட்டே பிழையைத் திருத்த வேண்டும்.

கணிப்பைச் சரிபார்க்க, 2006இல் கிளவுட்சாட், கலிப்சோ ஆகிய இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. முன்னது ரேடார் அலையையும் பின்னது லேசர் ஒளியையும் மேகத்தினுள் செலுத்தி ஆராய்ந்தன. 2023இல் அவற்றின் பணி முடிவுற்றது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் இவ்விரு கருவிகளையும் ஒருங்கே சுமந்து செல்கிறது.

நமக்கு என்ன பயன்?

தென்மேற்குப் பருவக் காலத்தில், சுமத்ராவின் பக்கமிருந்து இடிமேக வரிசை மலாக்கா நீரிணையைக் கடந்து, அதிகாலையில் நம் மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. கரையில் நிற்பவர் தலைக்குமேல் விண்மீன்கள் மின்னும். மழையோ கடலுக்கு மேல் வந்துகொண்டிருக்கும். அடுத்தடுத்த வெப்பப் படங்களில் மேகத்தின் உச்சி விரைந்து குளிர்ந்தால், அது ஓங்கி வளர்கிறது என்று பொருள். அது நகரும் திசையும் வேகமும் அப்படங்களிலேயே தெரியும். முன்னோர் காற்றின் ஈரத்தையும் எறும்பின் வரிசையையும் கண்டு மழையை உணர்ந்தனர். அப்பட்டறிவை நாம் போற்றுவோம். அத்துடன் கணக்கையும் கற்றுக்கொள்வோம். 65ஐ 6.5ஆல் வகுக்கத் தெரிந்த பிள்ளை, பத்துக் கிலோமீட்டர் உயரத்தைத் தன் மேசையிலிருந்தே அளந்துவிடுகிறது அன்றோ!

பயிற்சி

1. தரையில் 28 பாகை. மேகத்தின் உச்சியில் 2 பாகை. மேகத்தின் உச்சி எவ்வளவு உயரத்தில் உள்ளது?

2. கீழிருந்து கருமையாகத் தோன்றும் மேகம் மேலிருந்து வெண்மையாகத் தோன்றுவது ஏன்? வீட்டிலுள்ளோருக்கு விளக்கிக் கூறுக.