பறக்கும் டாக்டர் பிறந்த கதை

கேள்வி: சிறிய விமானங்கள் என்றாலே பெரும் பணக்காரர்கள் ஏறிப் போவதற்குத்தானே? சாதாரண ஜனங்களுக்கு அவற்றால் என்ன பிரயோஜனம்?

பதில்: டிக்கெட் விற்று, நேரம் குறித்துப் பறக்கும் விமானங்களையும் ராணுவ விமானங்களையும் கழித்துவிட்டால் மீதி இருப்பவை ஏராளம். வயலுக்கு மருந்து தெளிப்பது, காட்டுத்தீயைக் கண்காணிப்பது, விமானம் ஓட்டப் பழகுவது எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் சொல்லும் பணக்காரச் சவாரியும் உண்டு. ஆனால் இந்தச் சின்ன விமானங்களின் அருமையை எனக்குப் புரியவைத்தது ஆஸ்திரேலியாவில் ஒரு தபால் ஆபீஸ்.

1917. மேற்கு ஆஸ்திரேலியாவின் மூலையில் ஹால்ஸ் கிரீக் என்ற சிற்றூர். மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த ஜிம்மி டார்சி என்ற இளைஞர் குதிரையிலிருந்து விழுந்தார். வயிற்றுக்குள் பலத்த காயம். கிட்டத்தில் டாக்டர் யாரும் இல்லை. ஊர் போஸ்ட்மாஸ்டர் டக்கெட்டுக்கு முதலுதவி மட்டும் தெரியும். அவர் பெர்த் நகரத்து டாக்டர் ஹாலண்டைத் தந்தியில் பிடித்தார். நீங்களே அறுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். கட் கட் என்று தந்தியில் வந்து விழுந்த குறிப்புகளைப் படித்துப் படித்து, பேனாக்கத்தியால் அறுவை செய்தார் அந்தப் போஸ்ட்மாஸ்டர்!

பிறகு டாக்டரே கிளம்பினார். மாடு ஏற்றும் கப்பல், ஃபோர்டு கார், குதிரை வண்டி என்று மாறி மாறிப் பயணம். பத்து நாளுக்கு மேல் ஆனது. அவர் போய்ச் சேர்ந்தபோது, ஜிம்மி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அறுவை சரியாகத்தான் நடந்திருந்தது. மலேரியாவும் சேர்ந்துகொண்டதில் உடம்பு தாங்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போஸ்ட்மாஸ்டரின் கைகள்தான் ஞாபகம் வரும்.

நாட்டின் உட்பகுதியில் வாழும் மக்களுக்காக உழைத்துவந்த பாதிரியார் ஜான் ஃபிளினுக்கு அதே ஆண்டு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிளிஃபர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர்; முதல் உலகப் போரில் விமானியாகச் சேர்ந்திருந்தவர். டாக்டரை விமானத்தில் ஏற்றி அனுப்பினால் என்ன என்று கேட்டு, அதற்கான வழிகளையும் விவரித்திருந்தார். 1918 செப்டம்பரில் பீல் பிரான்சில் போரில் மாண்டார். அவருடைய யோசனையை ஃபிளின் விடவில்லை. பத்து ஆண்டுகள் பேசினார், எழுதினார், நிதி திரட்டினார். அறுவடை எந்திரம் தயாரித்துப் பேர்பெற்ற எச்.வி. மெக்கே, உயிலில் இதற்கென 2,000 பவுன் எழுதிவைத்திருந்தார்.

1928 மே 17. குயின்ஸ்லாந்தின் கிளான்கரி என்ற ஊரிலிருந்து டாக்டர் கென்யன் செயின்ட் வின்சென்ட் வெல்ச் கிளம்பினார். ஓட்டியவர் ஆர்தர் அஃப்லெக். விமானத்தின் பெயர் 'விக்டரி'. குவாண்டாஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது. ஒற்றை எஞ்சின். ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ஆற்றையும் வேலியையும் தந்திக் கம்பத்தையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். முதல் ஆண்டில் 50 முறை பறந்து 225 நோயாளிகளைக் கவனித்தார்கள்.

கேள்வி: போன் இல்லாத பண்ணையிலிருந்து டாக்டரை எப்படிக் கூப்பிட்டார்கள்?

பதில்: காலால் மிதித்துத்தான்! அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் செய்த பெடல் ரேடியோ 1929-ல் பண்ணைகளுக்கு வந்தது. மேஜைக்கு அடியில் சைக்கிள் பெடல். நம் வீட்டுத் தையல் மெஷின் மாதிரி, உட்கார்ந்தபடியே மிதித்தால் மின்சாரம் வரும். கை இரண்டும் சும்மா இருப்பதால் செய்தியைத் தட்டி அனுப்பலாம். பிற்பாடு பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டியும் கொடுத்தார்கள். எல்லா மருந்துக்கும் நம்பர் உண்டு. இன்ன நம்பர் மாத்திரையில் ஒன்று கொடுங்கள் என்று டாக்டர் ரேடியோவில் சொன்னால் போதும், மருந்தின் பெயரை வாசிக்கத் திணற வேண்டாம். இதே ரேடியோ வலையைப் பிடித்துக்கொண்டு 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளிக்கூடமும் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் இன்னொரு குழந்தையே இல்லாத பண்ணைப் பிள்ளைகள், அதில்தான் முதன்முதலாகச் சக மாணவர்களின் குரலைக் கேட்டார்கள்.

ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ் என்ற பெயரில் அந்தச் சேவை இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் உங்கள் உறவினர் யாரிடமாவது 1994-ல் வெளிவந்த 20 டாலர் நோட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள். அதில் இருப்பது ஃபிளின் பாதிரியாரின் முகம். கூடவே அந்த 'விக்டரி' விமானமும் இருக்கிறது.