மென்பொருளைக் குறை சொல்லுமுன் பீரோவைப் பாருங்கள்

குறும்படத்துக்கு ஒரு பாட்டு, விளம்பரத்துக்கு ஒரு ஹம்மிங், புது இசையமைப்பாளருக்கு ஒரு ட்ராக். “வீட்டிலேயே பாடி அனுப்பிடுங்க” என்பது இப்போது சகஜமான பேச்சு. அனுப்பினால் “சவுண்ட் சரியில்லையே” என்று பதில் வருகிறது. உடனே பழி மென்பொருள்மேல் விழுகிறது. இலவச அடாசிட்டியில் இவ்வளவுதான் வரும், காசு போட்டுப் பெரிதாக ஏதாவது வாங்கவேண்டும் என்று கை பரபரக்கும்.

வாங்காதீர்கள். 2007இல் உலகமே முணுமுணுத்த ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ பாட்டின் தாளம், ஆப்பிள் கணினிகளுக்கான கராஜ்பேண்ட் மென்பொருளோடு வரும் ட்ரம் லூப்தான். 2020 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கிய பில்லி ஐலிஷின் ஆல்பம், பெரும்பாலும் அவருடைய அண்ணன் ஃபின்னியஸின் படுக்கையறையில் பதிவானது. (மிக்ஸிங்குக்குக் கைதேர்ந்த ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ரெக்கார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தரம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

முதலில் அறை. நம் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், இரும்பு பீரோ என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் சாமான்கள். நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை கைதட்டுங்கள். பின்னாலேயே ‘ட்ர்ர்’ என்று ஒரு உலோகச் சத்தம் ஓடினால், உங்கள் பதிவில் கேட்கும் ‘பாத்ரூம் சவுண்ட்’ அதுதான். அடுத்து, கீழ் ஸ்தாயியிலிருந்து மெதுவாக ஒவ்வொரு ஸ்வரமாக ஏறிப் பாருங்கள். ஏதோ ஒரு ஸ்வரத்தில் மட்டும் பீரோ கதவு கூடவே முனகும். கதவிடுக்கில் ஒரு துணியை மடித்துச் செருகினால் அடங்கிவிடும்.

பலர் மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். வீட்டில் புழங்கும் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்பக்கம் வருவதை நன்றாக வாங்கும், முதுகுப்பக்கம் வருவதைக் கழிக்கும். அந்த மைக்குக்கு நேர் எதிரே இருப்பது நீங்களும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரும். ஆகவே இலவம்பஞ்சு மெத்தையை அங்கே நிமிர்த்திச் சாத்துங்கள். இரண்டு பக்கமும் கொடி கட்டிக் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது பார்ப்பதற்கு ஸ்டுடியோ மாதிரி இருக்கும், பிரயோஜனம் சொற்பம்.

பிறகு இரைச்சல். பாடாமல் பத்து விநாடி பதிவு செய்து, ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். ஃபேன், பக்கத்து அறை ஃபிரிட்ஜ் எல்லாம் தலைகாட்டும். கூடவே ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலையாக இருக்கலாம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பல சமயம் போய்விடும். அடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அந்தப் பத்து விநாடி மௌனத்தை மாதிரியாகக் கொடுத்து 6 டெசிபல் அளவுக்குக் குறைத்தால் பாதகமில்லை. பேராசைப்பட்டு 20, 25 என்று ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பல்லவியைப் பாடுங்கள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு சரணத்துக்கு வாருங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி போதும். இன்னும் நெருங்கினால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும், விலகினால் அறை உள்ளே நுழையும். ‘ப’ வரும் இடங்களில் காற்று ‘டப்’பென்று அடிப்பதைத் தவிர்க்க, பாப் ஃபில்டரோடு மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

கெயின் வைக்கும்போது “ஹலோ, மைக் டெஸ்டிங்” உதவாது. பாட்டிலேயே ஓங்கிப் பாடும் வரியைப் பாடி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவே நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் அலை நறுக்கப்பட்டுவிடும், அதை எந்தப் பிளக்-இன்னும் ஒழுங்காக ஒட்டித் தராது. பதிவு மெலிவாக இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். 16 பிட்டில் கிடைக்கும் வீச்சு சுமார் 96 டெசிபல், 24 பிட்டில் கணக்குப்படி 144. அதனால் 24 பிட்டில் பதிந்து, பின்னால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

சுருதிப் பெட்டியை அறையில் ஓடவிட்டுப் பாடுவது பழக்கமாக இருக்கலாம். பதிவில் அது கூடாது. குரலோடு கலந்த சுருதியைப் பிரிப்பது பெரும்பாடு. ஒரு ஸ்வரத்தைத் திருத்தினால் பின்னணியும் சேர்ந்து இழுபடும். சுருதி, க்ளிக், கரோக்கி எல்லாம் காதை முழுக்க மூடும் ஒயர் ஹெட்போனில்தான் ஓடவேண்டும். புளூடூத் வேண்டாம், தாளம் பிந்திக் கேட்கும். ஒயரிலும் உங்கள் குரல் பிந்தி வருகிறதென்றால் பஃபர் அளவைப் பாருங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு மட்டுமே சுமார் 21 மில்லிவிநாடி தாமதம். பதியும்போது 128க்கு இறக்குங்கள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

மென்பொருளுக்குள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். கராஜ்பேண்டில் ஆட்டோ நார்மலைஸை அணைத்துவிடுங்கள். வேறொருவர் மிக்ஸ் செய்யப்போகிறார் என்றால் ரிவெர்பும் கம்ப்ரஷனும் போடாமல் அனுப்புங்கள். உங்கள் ஆசைக்கு ரிவெர்ப் போட்ட பிரதி ஒன்றைத் தனியாகக் கொடுங்கள், இப்படிக் கேட்கவேண்டும் என்று அவருக்குப் புரியும்.

அனுப்பும் கோப்பு வேவ், மோனோ, 24 பிட். படத்துக்கென்றால் 48 கிலோஹெர்ட்ஸ். சரணம் மட்டும் பாடியிருந்தாலும் கோப்பு பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஓடவேண்டும், அப்போதுதான் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டதும் இடத்தில் உட்காரும். பெயர் ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்று இருக்கவேண்டாம். பாட்டு, பாடியவர், டேக் எண், டெம்போ போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அனுப்பிய கையோடு மெத்தையைக் கீழே போட்டுவிடாதீர்கள். “அந்த ரெண்டாவது வரி மட்டும் ஒருதரம்” என்று நிச்சயம் கேட்பார்கள். மைக் நின்ற இடம், உயரம், கெயின் குமிழின் நிலை எல்லாவற்றையும் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கலையுங்கள்.