நெஞ்சுப் படபடப்பும் டிஜொக்சின் குளிசையும்

"நெஞ்சு படபடன்னு அடிக்குது, மலையேற மூச்சு வாங்குது" என்று கலஹாப் பக்கத்துத் தோட்டங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்தாலும் இப்படி வரும். அவ்வாறானவர்களில் சிலருக்குக் கிளினிக்கில் டிஜொக்சின் குளிசை தருவார்கள். மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்புகளில் சிலவற்றை அது தடுத்து, இதய ஓட்டத்தை நிதானமாக்கும்.

ஆனால் அளவு மிஞ்சினால் இதுவே நஞ்சு. மஞ்சள் அலரி விதையின் நஞ்சும் இதே வகைதான்.

ஒரு வேளை மறந்துபோச்சுன்னா, மறுவேளை இரண்டாகப் போடாதீர்கள். சுகமாயிட்டுதுன்னு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பக்கத்து லயத்தாருக்குக் கொடுக்கவே கூடாது. வாந்தி, பசியின்மை, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிதல், நாடி நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், அடுத்த குளிசைக்கு முன்பே கிளினிக் கொப்பியுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.