உயிர் காக்கும் சுவாசப் பை

ஆலயத்தின் முதலுதவி அலுமாரிக்கு "அம்பு பை" ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்று தொண்டர்கள் சிலர் கேட்டிருந்தனர். தேர்த்திருவிழா அன்று வயோதிபர் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்ததன் பின் எழுந்த கேள்வி அது. அவர் சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டார். மூச்சு நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்?

இப்பையின் கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1952இல் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்தவர்களுக்குப் போதிய இயந்திரங்கள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணரின் யோசனைப்படி, நோயாளரின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்து, இறப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். அந்தப் பை சிலிண்டரிலிருந்து வாயு வந்தால்தான் நிரம்பும். தானாகவே விரிந்து வெளிக்காற்றை இழுக்கும் பையை ஹென்னிங் ரூபன் என்ற வைத்தியரும் ஹொல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியியலாளரும் உருவாக்கினர். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. அதன் வியாபாரப் பெயரே அம்பு. நம் வில்லம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பையை அமுக்கினால் ஒருவழி வால்வு திறந்து, முகமூடி வழியே காற்று நோயாளருக்குச் செல்லும். கையை விட்டதும் பை விரியும்; அவர் விடும் மூச்சு வேறு வழியால் வெளியேறும். தனியே பாவித்தால் போவது 21 வீதம் ஒட்சிசன் உள்ள சாதாரண காற்றே. சேமிப்புப் பையும் நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் ஒட்சிசனும் இணைத்தால் 100 வீதத்தை நெருங்கும்.

முன்பு இவற்றைக் கழுவி, கிருமி நீக்கி, மீண்டும் பொருத்திப் பாவித்தார்கள். வால்வின் சிறு இதழ் பிழையாகப் பொருந்தினால் நோயாளரால் மூச்சை வெளிவிட முடியாமற் போகலாம். சளியும் வாந்தியும் உள்ளே தங்கும். ஆகவேதான் ஒரு நோயாளருடன் எறிந்துவிடும் பைகள் பரவலாயின. பிளாஸ்ரிக் குப்பை கூடுகிறதே என்ற கவலை நியாயமானது. ஆனாலும் அவற்றைக் கழுவி அடுத்தவருக்குப் பாவிக்கலாகாது.

பார்வைக்கு இலகு. ஆனால் முகமூடியைக் காற்றுக் கசியாமல் முகத்தில் அழுத்தி, நாடியை உயர்த்திப் பிடிப்பது தாதிமாருக்கே சிரமம். ஒருவர் இரு கைகளாலும் பிடிக்க, மற்றவர் அமுக்குவதே நல்லது. பெரியவருக்கான பை ஒன்றரை லீற்றர் வரை கொள்ளும். தேவை 500 முதல் 600 மில்லிலீற்றர்தான். நெஞ்சு சற்று உயர்ந்தால் போதும். நாடித்துடிப்பு உள்ள பெரியவருக்கு 6 செக்கனுக்கு ஒரு தடவை. பதற்றத்தில் வேகமாக அமுக்குபவரே அதிகம்! காற்று இரைப்பைக்குள் போய், வாந்தி வந்து, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும்.

ஆகவே பயிற்சி பெற்ற இருவராவது கிடைக்கும்வரை அலுமாரியில் பை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பெரியவர் ஒருவர் பேச்சு மூச்சின்றிக் கிடந்தால் உடனே அம்புலன்சை அழைத்து, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவியை எடுத்துவர ஒருவரை அனுப்புங்கள். பணம் முதலில் அந்தக் கருவிக்கும் பயிற்சி வகுப்புக்கும் போகட்டும்.

வீட்டில் சுவாச இயந்திரத்தில் இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பங்களின் நிலை வேறு. மின்சாரம் நின்றாலோ இயந்திரம் பழுதானாலோ இப்பைதான் துணை. அது கட்டிலருகே கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அம்மா மட்டுமன்றி, வளர்ந்த பிள்ளைகளும் தாதியிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பது வழக்கம். அவர் கடைக்குப் போன நேரத்தில்தான் மின்சாரம் நிற்கும்.