துன்பத்தின் காரணம் யாது? பௌத்தமும் சைவமும் கூறும் விளக்கம்

மானிடராய்ப் பிறந்தோர் அனைவரும் இன்பத்தையே விரும்புகின்றனர். ஆயினும் துன்பம் தீண்டாத மனிதர் எவருமிலர். கல்குடாப் பகுதி மக்களுக்கு இதனை எடுத்துக் கூற வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கரையேறிய ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. இவற்றுக்கிடையே போரின் துயரும் நீண்டது. அக்காலங்களில் உறவுகளை இழந்தோர் “நாங்கள் என்ன பாவம் செய்தோம்?” என்று கேட்டனர். அருகில் நின்றோர் சிலர் “எல்லாம் முன்வினைப் பயன்” என்று விடை கூறினர். இவ்விடை சமயம் கூறும் விடைதானா என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

பௌத்தம் கூறுவது

புத்தர் பெருமான் நான்கு உண்மைகளைப் போதித்தார். துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அதனை நீக்க முடியும், நீக்குவதற்கு வழியும் உண்டு என்பனவே அவை. நோயை அறிந்து, நோயின் காரணத்தை ஆராய்ந்து, மருந்து கொடுக்கும் வைத்தியரின் முறையை இது ஒத்திருக்கின்றது. துன்பத்துக்குக் காரணம் வேட்கை. வேட்கைக்கும் அடியில் இருப்பது பேதைமை, அதாவது அறியாமை. பேதைமையில் தொடங்கிப் பிறப்பு, மூப்பு, சாவு வரை தொடரும் இச்சங்கிலியைப் பன்னிரு சார்புகள் என்பர். தமிழில் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் அறவண அடிகள் இதனை விரித்துரைக்கின்றார்.

பௌத்தம் எல்லாத் துன்பத்தையும் பழவினை மேல் சுமத்துகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மோலிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதே கேள்வியைக் கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனமின்மை, பிறரின் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் புத்தர் எடுத்துக்காட்டினார். அனைத்தும் பழவினையே என்று சொல்வோர் தாம் அறியாததைச் சொல்கின்றனர் என்பதே அவர் கருத்து.

இறந்த குழந்தையைச் சுமந்து வந்த கிசா கோதமியின் கதை யாவரும் அறிந்ததே. அவளுடைய பழவினை இன்னதென்று புத்தர் அவளிடம் கூறவில்லை. சாவு நிகழாத வீட்டில் கடுகு வாங்கி வருமாறு அனுப்பினார். வீடு வீடாகச் சென்ற அவள், துயரம் தனக்கு மட்டும் வந்த தண்டனையன்று, யாவர்க்கும் பொதுவானது என்பதை உணர்ந்தாள்.

சைவசித்தாந்தம் கூறுவது

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் வழி நின்று, சைவசித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என மும்மலங்களைக் கூறுகின்றது. துன்பத்தின் மூலவேர் ஆணவமே. செம்பிலே களிம்பு போல அது உயிரை அநாதியாகவே பற்றியுள்ளது. கன்மம் என்பது சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறப்பில் அனுபவிப்பது பிராரத்தம். இப்பொழுது புதிதாகச் செய்து ஈட்டுவது ஆகாமியம். வினை அறிவற்ற சடம். ஆதலால் அதனை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன். தாய் பிள்ளைக்குக் கசப்பு மருந்து ஊட்டுவது போல, அதுவும் அவன் கருணையே என்பர்.

இரு சமயங்களுக்குமிடையே வேறுபாடு பெரிது. பௌத்தம் என்றுமுள்ள ஆன்மாவையும் உலகைப் படைத்து நடத்தும் இறைவனையும் ஏற்பதில்லை. சைவம் பதி, பசு, பாசம் மூன்றும் என்றுமுள்ளவை என்கின்றது. எனினும் அறியாமையே துன்பத்தின் வேர், அது நீங்கக்கூடியதே என்பதில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன. திருவள்ளுவரும் மெய்யுணர்தல், அவாவறுத்தல் என்ற அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஊழ் பற்றி ஓர் அதிகாரம் செய்த அவரே, முயற்சியைப் போற்றும் ஆள்வினையுடைமையையும் பாடினார்.

எம் அயலில் வாழும் கிறிஸ்தவ மக்களின் வேதாகமத்தில் யோபு என்பவரின் வரலாறு உண்டு. மக்களையும் செல்வத்தையும் இழந்த அவரிடம் “நீ பாவம் செய்திருப்பாய்” என்று நண்பர்கள் வாதிட்டனர். முடிவில் இறைவன் அந்நண்பர்களையே கண்டித்தார். இஸ்லாமிய மக்களும் துன்பத்தை இறைவனின் சோதனையாகக் கொண்டு பொறுமையைப் போற்றுகின்றனர்.

சான்றோர் செய்து காட்டியது

திருஞானசம்பந்தர் கொங்குநாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியது. அது அவர்கள் வினை என்று அவர் வாளாவிருக்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடி நோய் நீக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் பொற்காசு பெற்று அடியவர்களுக்கு அமுதளித்தனர். மணிமேகலையும் அமுதசுரபி ஏந்திச் சிறைக்கோட்டத்தில் இருந்தோருக்கும் உணவளித்தாள். தம் செயலாலேயே துன்புற்றவர்களாயினும் அவர்களின் பசியை அவள் முதலில் தீர்த்தாள். சிறைக்கோட்டம் பின்னர் அறக்கோட்டமாயிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வினைக் கொள்கை ஒவ்வொருவரும் தம்மைத் திருத்திக் கொள்வதற்காகக் கூறப்பட்டது. பிறர் துயரை அளப்பதற்கான கோலன்று. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் பிராரத்தம் இறைவனுக்கு மட்டுமே தெரியும். அவள் முன் நாம் சொல்லும் சொல்லும் செய்யும் செயலும் எம்முடைய ஆகாமியம். “உன் வினை” என்று சொல்லி விலகினால் அந்தக் கணக்கு எம்மையே சேரும்.

ஆகவே துன்பம் வந்த வீட்டிற்குச் செல்லும்போது காரணம் தேடாமல், ஒரு வேளை உணவோடும் ஓர் ஆறுதல் சொல்லோடும் செல்வோமாக. ஆலயத்தில் எரியும் அன்னதான அடுப்பும் இப்பாடத்தையே கற்பிக்கின்றது. எல்லாம் வல்ல இறைவன் அதற்கான மனத்தை யாவர்க்கும் அருள்வானாக.